குழாயைத் திறந்தால் கொள்ளிடம்!

இன்று காலை காப்பிக்காக அடுப்பில் ஏற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "இதென்ன கேள்வி, குழாயிலிருந்துதான்!" என்பீர்கள். என் வீட்டிலும் அதே பதில்தான் கிடைத்தது. ஆனால் நீங்கள் சென்னைவாசியாக இருந்தால், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, முதலைகள் வெயில் காயும் ஓர் ஆற்றிலிருந்து புறப்பட்டு வந்ததாக இருக்கலாம். பயப்படாதீர்கள்! வழியில் சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். காப்பியைத் தாராளமாகக் குடியுங்கள். குடித்துவிட்டு, அந்தத் தண்ணீர் புறப்படும் இடத்தை ஒரு தடவை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சிபார்சு செய்யவே இதை எழுதுகிறேன்.

இறங்க வேண்டிய ஊர் மீன்சுருட்டி.

"சுருட்டி ராகம் கேட்டிருக்கிறேன். மீன்சுருட்டி எந்த மேளத்தில் பிறந்தது?" என்றாள் என் மனைவி. "மீனைப் பாய் மாதிரி சுருட்டுவார்களா அப்பா?" என்றாள் எட்டு வயது மகள். பதினோரு வயது மகன் மட்டும் காரியத்தில் கண்ணாக, "அங்கே மலை இருக்கிறதா?" என்று கேட்டான். உல்லாசப் பயணம் என்றால் மலை இருக்க வேண்டும், மலையடியில் ஆறு இருக்க வேண்டும், ஆற்றங்கரையில் பூங்கா இருக்க வேண்டும் என்பது அவன் சித்தாந்தம். "எல்லாம் இருக்கிறது, வா!" என்று துணிந்து ஒரு பொய் சொல்லி வைத்தேன். அது முழுப் பொய் அல்ல என்பது போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நாற்சந்தியில் ஓர் ஊர்

மீன்சுருட்டி அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும், சிதம்பரத்திலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகத் திருச்சி போகும் சாலையும் சந்திக்கும் இடம். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஊர்ப் பெயரைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இறங்குகிறவர்கள் குறைவு.

இறங்கிப் பார்த்தால்தான் அந்த மண்ணின் விசித்திரம் தெரியும். வடக்கேயும் மேற்கேயும் செம்மண் மேடு. அதில் கண்ணுக்கெட்டிய வரை முந்திரித் தோப்பு. மாசி, பங்குனியில் பூவும் பிஞ்சுமாக அந்தத் தோப்புகள் மணக்கும். தெற்கே சற்றுத் தூரம் போய்விட்டாலோ மண் கறுத்து, வாய்க்கால் குறுக்கிட்டு, பச்சைப் பசேலென்று நெல் வயல். அரை மணி நேரத்தில் இரண்டு வேறு தேசங்களைப் பார்த்துவிட்டது போல இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: கொள்ளிடம் ஆறு.

"சரி, மலை எங்கே?" என்று மகன் விடாமல் கேட்டான்.

திருச்சி சாலையில் சிறிது நேரம் போனதும் முந்திரி மரங்களின் தலைக்கு மேலே அது எழுந்து நின்றது. "அதோ!" என்றேன். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம். சுமார் 55 மீட்டர் உயரம். கங்கை வரை படையை அனுப்பி வெற்றி பெற்ற ராஜேந்திர சோழன், இந்த ஊரைத் தலைநகராக்கி எழுப்பிய கோயில். மலையே இல்லாத சமவெளியில் மனிதர்கள் கட்டிய மலை என்று இதைச் சொல்லலாம். 2004-ம் ஆண்டு முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. கோயிலைச் சுற்றிப் புல்தரை விரித்திருக்கிறார்கள். ஆக, மலைக்கும் பூங்காவுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் விடை கிடைத்துவிட்டது!

வென்ற அரசர்கள் கல்லில் வெற்றித் தூண் நாட்டுவார்கள். ராஜேந்திரன் என்ன செய்தான் தெரியுமா? கங்கை நீரைக் கொண்டு வரச் செய்து, தண்ணீரிலேயே ஒரு வெற்றித் தூண் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. சோழகங்கம் என்ற பெரிய ஏரிதான் அந்தத் தூண். இப்போது அதைப் பொன்னேரி என்கிறார்கள். அந்தப் பழைய கரையின் மேல் நின்றபோது என் மனைவி சொன்னாள்: "கல் தூணைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். தண்ணீர்த் தூணில் ஒரு குடம் மொண்டு கொண்டும் போகலாம். கெட்டிக்கார ராஜா!" சரித்திர ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாளே என்று எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

கோயில் மதிலும் ஆற்று அணையும்

கோயிலைச் சுற்றி வரும்போது ஒரு குறை தென்படும். இத்தனை பெரிய கோயிலுக்கு அதற்கேற்ற மதில் எங்கே? அதைத் தேடித்தான் அடுத்தபடியாக அணைக்கரைக்குப் போக வேண்டும்.

மீன்சுருட்டியிலிருந்து கும்பகோணம் சாலையில் அரை மணி நேரத்துக்குள் அணைக்கரை. கொள்ளிடம் இங்கே இரண்டு கைகளாகப் பிரிந்து, நடுவே ஒரு திட்டை அணைத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு கைகளின் குறுக்கேயும் 1836-ம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் அணை கட்டினார். அதற்குக் கீழணை என்று பெயர். ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டன் மனம் திறந்து எழுதியிருக்கிறார். அந்த அடக்கத்துக்கு ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் அணைக்குக் கல் வேண்டுமே? பக்கத்தில் மலை ஏது? சோழன் கட்டிய மலைதான் இருந்தது. கோயிலின் வெளி மதிலை இடித்துக் கல்லை வண்டி வண்டியாக எடுத்துப் போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்றும், அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் 19-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அணையின் மேலே நின்று இதைச் சொன்னபோது என் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "திருட்டுத்தானே அப்பா?" என்றான். "திருட்டுத்தான். ஆனால் அந்தக் கல் தடுத்து நிறுத்திய தண்ணீரில்தான் இந்தப் பக்கத்து வயலெல்லாம் விளைகிறது" என்றேன். அவன் வெகு நேரம் யோசித்தான். எனக்கும் இன்று வரை இதற்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் போனால் உங்கள் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கட்டை வாயைத் திறந்தது!

கரையோரம் ஒரு மர நிழலில் கட்டுச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தோம். புளியோதரை, தயிர்சாதம், வறுத்த அப்பளம். எதிரே ஆறு வெள்ளித் தகடாக மின்னியது. மீன்கொத்தி ஒன்று நீலக் கல்லை வீசியது போல விழுந்து எழுந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்து, ஈர வேட்டியை உலர்த்துகிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தன. தூரத்து மணல் திட்டில் ஒரு பழைய மரக்கட்டை கிடந்தது. மனசு லேசாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் மகள் பாத்திர மூடியைத் தூக்கிக்கொண்டு, "நானே அலம்புகிறேன்" என்று நீரை நோக்கிச் சிட்டாகப் பறந்தாள்.

"ஏ பாப்பா! நில்லு! அங்க எறங்காத!"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் குரல். அவள் கம்பை ஓங்கிக்கொண்டு வந்த வேகத்தில் மகள் அப்படியே நின்றுவிட்டாள். மூடி கீழே விழுந்து உருண்டது.

"ஏன் பாட்டி, இங்கே ஆழமா?" என்று பதறிப்போய்க் கேட்டாள் என் மனைவி.

"ஆழமும்தான். அதோ கெடக்குது பாரு, அதும்தான்."

"அந்தக் கட்டையா?" என்றேன் நான்.

"கட்டையா! கட்டை எங்கியாச்சும் வாயப் பொளந்துகிட்டுக் கெடக்குமா தம்பி?"

பார்த்தேன். கட்டை மெதுவாக வாயைத் திறந்தது. சில விநாடி அப்படியே இருந்தது. என் மனைவி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டவள், பஸ் ஏறும் வரை இறக்கிவிடவில்லை.

அணைக்கரைப் பக்கத்துக் கொள்ளிடத்தில் சதுப்பு நில முதலைகள் வாழ்கின்றன. இது கடல் முதலை அல்ல, நன்னீர் முதலை. ஆற்று மடுவிலும் ஏரியிலும் குளத்திலும் இருக்கும், கரையில் வளை தோண்டும், தரையிலும் நடந்து போகும். வெள்ளக் காலத்தில் வாய்க்கால் வழியாக ஊர்க் குளங்களுக்கும் வந்துவிடும். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் அப்படி வந்து சேரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து, சிதம்பரத்துக்கு அருகே வக்காரமாரி ஏரியில் விடுவது வழக்கம். தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்துவிட்ட இந்தப் பிராணிக்கு 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உயர்ந்த பாதுகாப்புக் கொடுத்தது. மாமல்லபுரம் போகும் வழியில் நீங்கள் பார்த்திருக்கும் முதலைப் பண்ணை 1976-ல் பிறந்ததும் இந்த இனங்களைக் காப்பாற்றத்தான்.

முதலை என்றால் நமக்கு அருவருப்பு. ஆனால் தாய்மை என்று வந்தால் அதனிடம் நாம் குறை காண முடியாது. வெயில் காலம் தொடங்கும்போது, வெள்ளம் எட்டாத மணல் மேட்டில் குழி தோண்டி இருபது முப்பது முட்டைகள் இடும். மூடிவிட்டு அருகிலேயே காவல் இருக்கும். சுமார் இரண்டு மாதம் கழித்து முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத்தான் தாய் மணலைத் தோண்டும். எருமையையே இழுக்கும் அந்த வாயில் குஞ்சுகளைப் பூப்போல ஏந்தி நீரில் கொண்டு விடும். இந்த வேலையில் தகப்பன் முதலையும் கைகொடுப்பதை முதலைப் பண்ணையில் கண்டு எழுதியிருக்கிறார்கள். (வீட்டில் இந்தப் பாராவை உரக்கப் படித்துக் காட்டலாம்!)

இன்னொரு வேடிக்கை. பிறப்பது ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது மணலின் சூடு. ஏறக்குறைய 32.5 டிகிரி செல்ஷியஸ் இருந்தால் ஆண். அதைவிடச் சற்றுக் குறைந்தால் பெண். ஜோசியர் வேண்டாம், வெப்பமானி போதும்! மணல் திட்டை மிதித்துக் கலைத்தாலோ அள்ளிக்கொண்டு போனாலோ அந்த வம்சத்துக்கே ஆபத்து என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பாட்டி கேட்ட கேள்வி

"இது இருக்கிறது என்று தெரிந்தும் நீங்கள் ஏன் ஆற்றில் இறங்குகிறீர்கள்?" என்று என் மனைவி பாட்டியிடம் கேட்டாள்.

பாட்டி சிரித்தாள். "ஊட்டுல கொழா இருக்குதும்மா. குடிக்க, சோறாக்கப் புடிச்சுக்கிடுவோம். நாலு மாடு, ஒரு மூட்டைத் துணி, இதுக்கெல்லாம் ஆறுதானே? அது கெடக்கற மடுவுல நாங்க எறங்க மாட்டோம். இருட்டுல எறங்க மாட்டோம். ஒத்தையா எறங்க மாட்டோம். அப்படியும் மாட்ட இழுத்திருக்குது, ஆளு காலையும் கவ்வியிருக்குது. அத அடிச்சுப்புடலாமுன்னு சொல்ற ஆளும் உண்டு. அது எங்கம்மா போவும்? அதுக்கும் ஆறுதான், எங்களுக்கும் ஆறுதான்." சற்று நிறுத்திவிட்டு, "ஏம்மா, உங்க ஊருக்கு எங்கேருந்து தண்ணி வருது?" என்று கேட்டாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அணையைப் பார்த்தேன்.

கீழணையிலிருந்து புறப்படும் வடவாறு, வீராணம் ஏரியில் போய்ச் சேருகிறது. அந்த ஏரியிலிருந்து 2004-ம் ஆண்டு முதல் சென்னைக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் திட்டம். பாட்டியின் ஆற்றுத் தண்ணீர் நம் மூன்றாவது மாடிக் குழாயில் வருகிறது. பாட்டியோ துணி துவைக்க முதலைக்குப் பக்கத்தில் இறங்குகிறாள்!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இலங்கையில் மாத்தறைப் பக்கம் நில்வளா கங்கையில் முதலைகள் உண்டு. அங்கே கரையோரத்தில் ஆற்றுக்குள்ளேயே வேலி அடைத்து, முதலை நுழைய முடியாத குளிக்கும் துறைகள் அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வரும், முதலை வராது. நம் ஆற்றங்கரையிலும் பெண்கள் புழங்கும் படித்துறைகளுக்கு இப்படிக் கம்பி வேலி போட்டால், முதலையும் பிழைக்கும், பாட்டியும் நிம்மதியாகத் துணி துவைப்பாள். அணை கட்டத் தெரிந்த நமக்கு ஒரு வேலி கட்டுவதா பெரிய காரியம்?

வீராணத்து மாலை

சாயங்காலம் வீராணத்துக்குப் போனோம். மீன்சுருட்டியிலிருந்து சிதம்பரம் சாலையில் காட்டுமன்னார்கோயில் பக்கம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது, சுமார் 14 கிலோமீட்டர் நீளம். 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை 1950-ல் ஆரம்பித்தபோது, வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்தது இந்த ஏரிக்கரை மீதுதான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரையில் நின்றதும் என் மனைவியின் கண்கள் குதிரையைத் தேடின.

குதிரை வரவில்லை, கொக்குகள் வந்தன. சாரி சாரியாக, வெள்ளை மாலை தொடுத்தாற்போல. மூக்கின் நடுவே இடைவெளி விட்ட நத்தைகுத்தி நாரை, கழுத்தை மட்டும் நீட்டிப் பாம்பு போல நீந்தும் பாம்புத்தாரா, வளைந்த மூக்கோடு அரிவாள் மூக்கன் எல்லாம் இந்தப் பக்கத்து நீர்நிலைகளில் காணக்கூடியவை. தாமரையும் அல்லியும் படர்ந்த ஏரிகளில் இலைக்கோழியைத் தேடிப் பாருங்கள். நீண்ட விரல்களால் இலை மேலேயே நடக்கும். முட்டையிட்டதோடு பெண் பறவையின் பொறுப்புத் தீர்ந்தது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு! (இதையும் உரக்கப் படிக்கலாம்.)

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் அதே மாவட்டத்தில் அரியலூர் பக்கம் உள்ள கரைவெட்டிக்குப் போங்கள். சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. அந்தத் தண்ணீரை நம்பி இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறப்பதைக் கருவி கட்டிப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கங்கையை வெல்ல ராஜேந்திரன் வடக்கே படை அனுப்பினான். இந்த வாத்துப் படையோ கங்கைக்கும் அப்பாலிருந்து, அழைக்காமலே ஆண்டுதோறும் நம் வீட்டுக்கு வருகிறது!

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்: தை, மாசி மாதங்கள் சிறந்தவை. ஏரிகள் நிறைந்திருக்கும், வெயில் கொல்லாது, விருந்தாளிப் பறவைகளும் இருக்கும். மேட்டூரிலிருந்து உபரி நீர் திறந்து கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் நாட்களில் ஆற்றங்கரையே வேண்டாம். மற்ற நாட்களிலும் குளிக்க, கால் நனைக்க, பாத்திரம் அலம்ப இறங்காதீர்கள். கைகழுவத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மீந்த சோற்றையும் இறைச்சியையும் ஆற்றில் வீசாதீர்கள். அது முதலையைக் கரைக்கு அழைக்கும் வெற்றிலை பாக்கு. எங்கே நிற்கலாம் என்று உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள். உள்ளூர்ப் பாட்டியைவிடப் பெரிய வழிகாட்டிப் பலகை உலகத்தில் இல்லை.

கச்சேரியை மங்களமாக முடிக்க ஏற்ற ராகங்களில் சுருட்டியும் ஒன்று என்பார்கள். எங்கள் மீன்சுருட்டிக் கச்சேரி முடிந்து வீடு திரும்பியபோது இரவு வெகு நேரமாகிவிட்டது. சமையலறையில் குழாய் எப்போதும் போலச் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கும் சப்தம்தான். என் மனைவி நேரே போய் அதை இறுக மூடினாள். அப்படியும் நிற்கவில்லை. கீழே ஒரு குடத்தை வைத்தாள்.

"நாளைக்கு முதல் காரியம் இதற்கு ஆள் கூப்பிட வேண்டும்" என்றாள். "பாட்டி கேட்டால் என்ன சொல்வது?"

மறுநாள் ஆள் வந்தான். குழாய் நின்றுவிட்டது. பாட்டியின் படித்துறைக்கு வேலிதான் இன்னும் பாக்கி.